கதை வீட்டுமனை அல்ல: குடும்பக் கதையில் வரும் பணத்தைப் பங்கிடுவது குறித்து எங்கள் நிலைப்பாடு

போன ஆண்டு ஆவடியிலிருந்து ஒரு அண்ணனும் தங்கையும் எங்களிடம் வந்தார்கள். சேர்ந்து வரவில்லை; ஒரு வார இடைவெளியில் தனித்தனியாக வந்தார்கள். அவர்களுடைய அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். கம்பெனி மூடியபின் அவர் நடத்திய போராட்டமும், அந்த வருடங்களில் குடும்பம் பட்ட பாடும் வெப் சீரிஸுக்கு ஏற்ற கதை என்று ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்குப் பட்டிருக்கிறது. முன்பணம் 3 லட்சம். நிறுவனத்தின் வக்கீல் முதலில் கேட்டது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடந்து அண்ணன் அதை வாங்கினார். அம்மா, நான்கு பிள்ளைகள் என்று ஐந்து பெயர். பணம் வந்த அன்று மாலையே ஐந்தாக வகுத்து, ஆளுக்கு 60,000 ரூபாய் ஜிபேயில் போட்டுவிட்டார். அலைந்ததற்கான பெட்ரோல் காசைக்கூட அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

தங்கை அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நாலாவது எபிசோடு முழுக்க நான் புருஷன் வீட்ல இருந்து திரும்பி வந்த கதைதானாம்ணா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. சின்னவன் அப்போ துபாய்ல இருந்தான், அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அவனுக்கும் அறுபது, எனக்கும் அறுபதா?"

அண்ணன் ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் இந்த அறிக்கைக்கு வேலையே இல்லை. நம் பக்கத்தில் ஒழுங்கான மூத்த பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார். அப்பாவின் மனையை எப்படிப் பிரிப்பார்களோ அப்படியே அப்பாவின் கதையையும் பிரித்தார். மனைக்கு அது சரி. யார் பெயருக்கு எத்தனை சதுர அடி என்று அளந்து, பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது. கதையை அப்படி அளக்க முடியாது. அதில் ஒருவர் முகம் இருக்கும், இன்னொருவர் அவமானம் இருக்கும், மூன்றாமவர் பெயர்கூட இருக்காது. வாரிசுக் கணக்கில் சமமாகப் பிரித்தால் அது நியாயமான பங்கீடு ஆகாது என்பதே எங்கள் நிலைப்பாடு. வெளியில் இருந்து வரும் பணமும் பங்காக வர வேண்டும், அன்பளிப்பாக அல்ல.

இதைச் சொல்ல நாங்கள் யார் என்று கேட்கலாம். அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை வசிக்கிற எழுத்தாளர்கள், குறும்படம் எடுப்பவர்கள், தங்கள் வாழ்க்கையைப் பிறருக்குச் சொல்லக் கொடுத்தவர்கள், கூடவே இரண்டு வக்கீல்கள். செம்பரம்பாக்கம் பக்கம் செட் போடாத மாதம் கிடையாது. பூந்தமல்லி அருகே 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் என்று 2024-இல் அரசு அறிவித்தும் இருக்கிறது. அது எழும்பட்டும், எழும்பாமல் போகட்டும். கதை தேடி நம் தெருவுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணுவின் வழக்கைத் தழுவி, த.செ.ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' 2021 நவம்பர் 2-ஆம் தேதி ஓடிடியில் வந்தது. அதற்கு முந்தைய நாள், பழங்குடி இருளர் மாணவர்களின் கல்விக்காக படத்தைத் தயாரித்த நடிகர் சூர்யாவின் 2டி நிறுவனம் 1 கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். திரையில்தான் அவர் இருளராக மாறினார். அவருடைய மனைவிக்கு என்ன என்ற கேள்வி படம் வந்த பிறகே எழுந்தது. மார்க்சிஸ்ட் கட்சியின் அப்போதைய மாநிலச் செயலாளர் கே.பாலகிருஷ்ணன் கடிதம் எழுதினார். அந்த அம்மாவின் பெயரில் 10 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போடுவதாகவும், மாதாமாதம் வட்டி அவருக்கும், அவர் காலத்துக்குப் பின் தொகை வாரிசுகளுக்கும் போகும் என்றும் சூர்யா பதில் எழுதினார்.

சூர்யாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சட்டம் கேட்காததை அவர் கொடுத்தார். பல பேர் அதுவும் கொடுப்பதில்லை. எங்கள் கவலை கொடுத்த முறையைப் பற்றியது. கடிதம் போனதால் பணம் வந்தது. போகாவிட்டால்? கொடுப்பவர் நல்லவராக இருந்ததால் வந்தது. இல்லாவிட்டால்? இன்னொன்றும் உண்டு. அதே வழக்கில் தானும் போலீஸாரிடம் அடிபட்டதாகச் சொல்லும் உறவினர் ஒருவர், தனக்குச் சேர வேண்டியது வரவில்லை என்று பின்னர் புகார் கொடுத்தது செய்திகளில் வந்தது. அந்தப் புகாருக்குள் நாங்கள் போகவில்லை. ஒருவருக்குக் கருணையாகக் கொடுத்தால் அடுத்தவருக்கு எந்தக் கணக்கும் இருக்காது. பங்கு என்று எழுதியிருந்தால் உண்டு, இல்லை என்பதாவது தெரிந்திருக்கும்.

முதுமலையிலும் இதே முடிச்சுதான். 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் 2023 மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது. அதில் வரும் யானை வளர்த்த தம்பதி பொம்மனுக்கும் பெள்ளிக்கும் முதல்வர் தலா 1 லட்சம் கொடுத்தார். தெப்பக்காடு, ஆனைமலை முகாம்களின் யானைப் பாகன்கள், அவர்களின் உதவியாளர்களான காவடிகள் என 91 பேருக்கும் தலா 1 லட்சம். (யானை வளர்ப்பது ஒரு தம்பதியின் தனி வித்தை இல்லை என்பதை அந்த 91 சொல்லாமல் சொல்லியது.) அதே ஆண்டு ஆகஸ்டில், உதவுவதாகச் சொன்ன வாக்கைப் படக்குழு காப்பாற்றவில்லை என்று தம்பதி தரப்பிலிருந்து 2 கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் போனது. படக்குழு மறுத்தது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல எங்களிடம் ஒரு தாளும் இல்லை. அந்தத் தம்பதிக்குப் புரியும் மொழியில் எழுதி, வாசித்துக் காட்டி, ஒரு நகலை அவர்கள் கையிலும் கொடுத்திருந்தால், இன்று அதைப் பிரித்துப் பார்த்தே பேசலாம்.

சட்டம் காப்பாற்றும் என்று குடும்பங்கள் நினைக்கின்றன. கொஞ்சம்தான் காப்பாற்றும். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்னது இன்றும் அடிப்படை: தன் வாழ்க்கை, தன் குடும்பம் பற்றி அனுமதியின்றி எழுதாதே என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டு, ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதை யாரும் எழுதலாம். ஆளே போய்விட்டால் அந்த உரிமையும் போய்விடுகிறது. ஜெயலலிதாவைப் பற்றிய 'தலைவி' படத்துக்கு எதிராக அவருடைய அண்ணன் மகள் ஜெ.தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவர் இறந்ததும் முடிந்துவிடும், அது வாரிசுகளுக்கு இறங்காது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் சொல்லிவிட்டது.

வாரிசுக்கே இறங்காத ஒன்றுக்கு, ஆவடிக் குடும்பத்திடம் நிறுவனத்தின் வக்கீல் ஏன் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்? ரிலீஸ் நேரத்தில் யாரும் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. நிறுவனம் வாங்குவது கதையை அல்ல, நிம்மதியை. அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு என்பதைக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூடவே வேறொன்றையும். வாழ்க்கைக்குக் காப்புரிமை இல்லை. அப்பா எழுதிய டைரிக்கும் கடிதத்துக்கும் உண்டு. அவர் காலத்தில் வெளிவராத எழுத்து என்றால், அது முதலில் வெளியாகி 60 ஆண்டுகள் வரை வாரிசுகளின் சொத்து. "பார்த்துட்டுத் தர்றோம்" என்று சொல்லி, கடிதக் கட்டைப் பையோடு எடுத்துப் போக விடாதீர்கள். ஆவடிக் குடும்பத்திலும் அப்பா சங்கக் கூட்டங்களைப் பற்றி எழுதிவைத்த மூன்று டைரிகள் போயின. ரசீது இல்லை.

வீட்டுக்குள் வருவோம். சண்டை இங்கேதான்.

சமப் பங்கு எங்கே தடுமாறும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. 'தி பிளைண்ட் சைட்' 2009-இல் வந்து 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். வீடில்லாமல் அலைந்த மைக்கேல் ஓர் என்ற இளைஞனை டூஹி குடும்பம் சேர்த்துக்கொண்டு அமெரிக்கக் கால்பந்து வீரனாக்கியதாகச் சொல்லும் கதை. தன்னை அவர்கள் தத்தெடுக்கவே இல்லை, ஏதோ காப்பாளர் தாளில் கையெழுத்து வாங்கித் தன் கதையில் காசு பார்த்தார்கள் என்று 2023-இல் மைக்கேல் நீதிமன்றம் போனார். வந்த பணத்தை மைக்கேலும் சேர்த்து ஐந்து பேரும் சமமாகத்தான் பிரித்துக்கொண்டோம் என்றது டூஹி தரப்பு. அந்தக் காப்பாளர் ஏற்பாட்டை நீதிபதி அதே ஆண்டு செப்டம்பரில் முடித்துவைத்தார். பணத் தகராறை விடுங்கள். ஐந்து சமப் பங்கு என்ற பதிலை மட்டும் பாருங்கள். படம் யாரைப் பற்றியது?

எங்கள் கணக்கு இது. நாங்களே பல மாதம் சண்டை போட்டு வந்தடைந்தது, சட்டமல்ல. வரும் தொகையில் பாதி, கதையில் அடையாளம் தெரியும்படி வருகிற, உயிரோடு இருக்கிறவர்களுக்கு. அவர்களுக்குள்ளும் யாருடைய காயம் அதிகம் வெளியே வருகிறதோ அவருக்குக் கூடுதல்; படம் வந்தபின் பால் வாங்கப் போகும்போது திரும்பிப் பார்க்கப்படுவது அவர்தான். கால் பங்கு, உட்கார்ந்து சொன்னவர்களுக்கும் டைரி, கடிதம், போட்டோவைப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கும். மீதிக் கால், இறந்தவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவருக்கு. பெரும்பாலும் அது மனைவி அல்லது ஒரு மகள். ஒரே ஆள் மூன்று இடத்திலும் வந்தால் மூன்றையும் வாங்கட்டும். வாரிசுப் பட்டியலில் இருந்தும் கதையில் எங்கும் இல்லாதவருக்குச் சண்டைக்குப் பயந்து ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. பட்டியலில் இல்லாத அத்தையோ, பக்கத்து வீட்டுக்காரரோ கதையில் இருந்தால் அவர்களுக்கு உண்டு. பதினெட்டு வயது ஆகாதவரின் பங்கு அவர் பெயரில் வங்கியில் இருக்கட்டும்.

கட்டிக்கொடுத்த பெண்களை நாங்கள் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சொத்தில் அவர்களைக் கூப்பிடுவது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட மட்டும். கதையில் அதுகூடக் கிடையாது. அண்ணன் கையெழுத்தே போதும் என்று நிறுவனமும் நினைக்கிறது. அடையாளம் தெரியும்படி வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கையெழுத்து வாங்க வேண்டும். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவருடைய பகுதி கதையிலிருந்து போக வேண்டும். அவருக்குப் பங்கு இல்லை, பழியும் இல்லை. பணம் வாங்கியவர் படத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்ற ஷரத்தை நாங்கள் ஏற்கவில்லை.

குடும்பத்தில் ஒருவரே எழுதினால்? எழுதியவர் கூலி முதலில். அது கதைக்கான பணம் இல்லை, உழைப்புக்கானது. தமிழில் புத்தகம் போட்டவர்களுக்குத் தெரியும். 300 ரூபாய்ப் புத்தகம், 500 பிரதி, பத்து சதவீத ராயல்டி என்றால் 15,000 ரூபாய். அதுவும் புத்தகக் கண்காட்சி முடிந்து, நாலு தடவை போன் போட்டபின். அதை ஐந்தாகப் பிரிக்கச் சொல்லி எழுதியவரிடம் நிற்காதீர்கள். அதே புத்தகம் படமாக விற்றால் அன்று உட்கார்ந்து பேசுங்கள்.

எங்களுக்குள்ளேயே இதை எதிர்த்தவர்கள் உண்டு. ஆவணப்படம் எடுக்கும் நண்பர் ஒருவர், "கேமராவே வாடகைக்கு எடுக்கிறோம், இதில் பங்கு வேறயா?" என்றார். அதனால்தான் முன்தொகை கட்டாயம் என்று சொல்லவில்லை, வருமானத்தில் சதவீதம் என்கிறோம். ஒன்றும் வராத படத்தில் பங்கும் ஒன்றுமில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு காட்ட வேண்டும். செய்திக்கும் ஆய்வுக்கும் இது பொருந்தாது. நடந்ததை எழுதக் காசு கேட்டால் முதலில் வாய் மூடுவது பத்திரிகை, அதில் நஷ்டம் நம் போன்ற குடும்பங்களுக்குத்தான்.

ஆவடி விஷயம் இன்னும் முடியவில்லை. அண்ணன் தன் 60,000-ஐத் தங்கைக்கு அனுப்பினார். அதையும் அவர் திருப்பிவிட்டார். நாலாவது எபிசோடின் ஸ்கிரிப்ட்டைப் படிக்கத் தர வேண்டும் என்பதுதான் அவர் கேட்பது. நிறுவனம் அதற்குப் பதில் போடவில்லை.

தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறோம், நான்கு பக்கம். அடுத்த கூட்டத்தில் வரிவரியாகச் சத்தமாக வாசிப்போம். கதைக்காக யாராவது உங்களிடம் ஏற்கெனவே கையெழுத்து வாங்கியிருந்தால், அந்தத் தாளை எடுத்து வாருங்கள். இங்கிலீஷில் இருந்தாலும் பரவாயில்லை, வாசித்துச் சொல்கிறோம்.