கனத்த உடம்பை அலை தாங்காதா?

"முதலில் உடம்பைக் குறை, அப்புறம் பலகையில் ஏறு." அலைச்சறுக்கு என்று பேச்செடுத்தாலே பருத்த உடம்புக்காரர்கள் காதில் விழும் முதல் வாசகம் இதுதான். கடற்கரைப் பயிற்சி முகாம்களில் சொல்கிறார்கள். கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் மதுரைத் திருநகரிலும் சொல்கிறார்கள். விடுமுறைக்கு மணப்பாட்டுக்கோ கோவளத்துக்கோ கிளம்பும் இளைஞர் கூட்டத்தில் நூறு கிலோ எடையுள்ள ஒருவர் இருந்தால், பைகளையும் செருப்புகளையும் காவல் காக்கும் வேலை பேசாமலே அவர் தலையில் விழுகிறது. எத்தனையோ ஆண்டுகளாக யாரும் எதிர்த்துக் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கும் இந்த வாசகம் தவறு. அறிவியலும் அதற்குத் துணையில்லை, வரலாறும் துணையில்லை.

பலகை உடைந்துவிடும் என்பது ஒரு வாதம். பெரும்பாலும் பலகை முறிவது அலை மடிந்து அதன்மேல் விழும்போதும், பாறையிலோ தரையிலோ மோதும்போதும்தான். இதற்கு மேல் அந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை. உடம்புக்கு ஆகாது என்பது இன்னொரு வாதம். மூட்டு வலியோ மூச்சு வாங்கலோ இருந்தால் மருத்துவரைக் கேட்கட்டும். ஒல்லியானவருக்கும் அதே அறிவுரைதான்.

இது மெலிந்தவர்களின் விளையாட்டு என்கிறார்கள். இதை உலகுக்குக் கொடுத்த ஹவாய்த் தீவுகளில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அங்கே 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தலைவர் ஆப்னர் பாக்கியின் உயரம் ஆறடி நான்கு அங்குலம், எடை 300 பவுண்டு, அதாவது 136 கிலோ என்று குறிப்புகள் சொல்கின்றன. அவர் அலையேறிய பலகைகள் இன்றும் ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 'ஓலோ' எனப்படும் அந்த வகைப் பலகை தலைவர்களுக்கு உரியது. பாக்கியின் பலகை ஏறத்தாழ 16 அடி நீளம், 70 கிலோ அளவு கனம். 1920களில் டாம் பிளேக் என்ற அமெரிக்கர் அவற்றைச் செப்பனிட்டார். அவற்றைப் பார்த்துப் படித்துத்தான் உள்ளே கூடான பலகையையும் உருவாக்கினார். நவீனப் பலகையின் வரலாற்றில் ஒரு முக்கியமான திருப்பமே 136 கிலோ மனிதர் ஏறிய மரத்திலிருந்து வந்தது. "உடம்பைக் குறைத்துவிட்டு வா" என்று பாக்கியிடம் யாரும் சொல்லவில்லை. அவர் உடம்பைத் தாங்கும் பலகை அங்கே இருந்தது.

இந்த அறிவு நம் கரைக்கும் புதியதல்ல. சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் ஆளும் வலையும் கூடினால் கட்டும் மரங்கள் பெரிதாகும், எண்ணிக்கையும் கூடும். கனத்த மீனவரைக் கரையில் நிறுத்தியதாகக் கதை இல்லை. மூர்த்தி மேகவன் 2012இல் கோவளத்தில் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி அப்படிப்பட்ட மீனவர் குப்பத்தில்தான் முளைத்தது.

அடுத்து, "கனத்தவர் மூழ்கிவிடுவார்" என்ற வாதம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பயிற்சியாளர்களே இங்கேதான் தடுமாறுகிறார்கள். கடலில் கையால் துழாவி அலையைப் பிடிப்பது ஒன்று. விசைப்படகு தன் பின்னால் எழுப்பும் அலையில் சறுக்கும் 'வேக் சர்ஃபிங்' வேறொன்று. முன்னதில் ஆளை முதலில் மிதக்கவைக்க வேண்டியது பலகைதான். ஆகவே நூறு கிலோ எடையுள்ள புதியவருக்கு 90 முதல் 100 லிட்டர் கொள்ளளவுள்ள, 9 அடி அளவிலான அகலமான நுரைப்பலகை வேண்டும். பின்னதில் கணக்கே வேறு. ஆள் உயிர்காப்பு மேலங்கியோடு தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறார். உடம்பின் பெரும்பகுதியைத் தண்ணீரும் மேலங்கியுமே தாங்கிக்கொள்கின்றன. குதிகால்கள் பலகைமேல் இருக்க, படகு கயிற்றால் மெதுவாக இழுக்கிறது. வேகம் பிடித்ததும் பலகை மிதப்பால் நிற்பதில்லை, நீரின்மேல் வழுக்கும் விசையால் நிற்கிறது. ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்த விசை கூடும். மணிக்கு 16 கிலோமீட்டரில் போகிற படகை 18க்குக் கொண்டுபோனால், அதே பலகைக்கு அடியில் தூக்குவிசை கால் பங்குக்கு மேல் கூடுகிறது. மூழ்குவதைப் பற்றிய பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

படகு எழுப்பும் அலையில் சறுக்க வருபவரிடம் சிலர் இரக்கப்பட்டு இறங்கி வருகிறார்கள்: "சரி, ஆள் பெரிசு, இருக்கிறதிலேயே நீளமான பலகையைக் கொடு." முதல் தவறைவிட இது மோசம். உதவி செய்வதுபோல் தோன்றி, ஆளைத் தோற்கவைத்து, பழியையும் அவர் எடைமீதே போடுகிறது.

கணக்கைப் பாருங்கள். அறுபது கிலோ ஆளுக்கு நாலரை அடி நீளம், 20 அங்குல அகலம், 2 அங்குலத் தடிமன் உள்ள பலகை போதும் என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 20 லிட்டர். நூறு கிலோ ஆளுக்கு அதே விகிதத்தில் 33 லிட்டர் வேண்டும். நீளத்தை மட்டும் நீட்டினால் பலகை ஏழரை அடியாகிவிடும். படகலை அவ்வளவு நீளத்துக்கு இடம் தராது. படகின் பின்புறத்தை ஒட்டி ஆளைத் தள்ளும் சரிவு சிறியது. நீண்ட மூக்கு அலையின் அடியில் குத்தும், திருப்பினால் திரும்பாது. மாறாக நீளம், அகலம், தடிமன் மூன்றையும் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகக் கூட்டிப் பாருங்கள். ஐந்தடி நான்கு அங்குல நீளம், 24 அங்குல அகலத்துக்குச் சற்றுக் குறைவு, 2.4 அங்குலத் தடிமன் வருகிறது. அதே 33 லிட்டர்! அறுபது கிலோ ஆளின் பலகையைவிடப் பத்து அங்குலம்தான் நீளம். பெரிய உடம்புக்காரர்களுக்கென்று விற்கும் படகலைப் பலகைகள் ஏன் ஐந்தடியைத் தாண்டிச் சில அங்குலங்களிலேயே நின்றுவிடுகின்றன என்பதற்கு விடை இதுதான். நீளத்தை மட்டும் பார்த்துப் பலகை கொடுப்பவர் இந்தக் கணக்கைப் போட்டதே இல்லை.

மூன்றிலும் அகலம்தான் கனத்த ஆளுக்கு நெருங்கிய துணை. பலகை பக்கவாட்டில் கவிழாமல் காப்பது அதுதான். தடிமன் கூடினால் மிதப்பு கூடும், ஆனால் ஓரங்கள் தண்ணீரைக் கவ்வுவது குறையும். புதியவருக்கு அது பாதகமில்லை. மூக்கும் வாலும் குறுகாமல் சற்று மழுங்கிய வடிவம், அடியில் மீன் துடுப்பு போன்ற பெரிய ஃபின்கள் கொண்ட 'சர்ஃப்' வகைப் பலகை நல்ல தொடக்கம். மெல்லிய 'ஸ்கிம்' வகை சுழன்று வித்தை காட்டுகிறவர்களுக்கானது, முதல் நாளில் கனத்தவர் கையில் அதைக் கொடுப்பது அநியாயம்.

பலகையைப் பற்றியே பேசிப் படகை மறக்கிறவர்களும் உண்டு. படகுக்குள் நீர்ப்பைகளை நிரப்பி நூற்றுக்கணக்கான கிலோ பாரம் ஏற்றினால்தான் அலை பெரிதாகும். கனத்த ஆளைத் தள்ளப் பெரிய அலை வேண்டும். சிங்கப்பூரின் பொங்கோல் கரையானாலும் அமெரிக்க ஏரியானாலும் இந்த விதி மாறாது. அதே கனத்த நண்பரைப் படகுக்குள் அலை எழும் பக்கமாக உட்காரச் சொல்கிறார்கள், அவர் பாரம் அலையை வளர்க்கும் என்று. படகில் இருக்கும்வரை நல்லதாக இருந்த எடை, பலகைக்குப் போனதும் எப்படிக் குற்றமாகிறது? எழ முடியாமல் விழுந்தவர்களில் எத்தனையோ பேரைக் கவிழ்த்தது படகோட்டியின் அவசரம்தான். வெடுக்கென்று இழுத்தால் கயிறு கையைவிட்டுப் போகும். மெதுவாக இழுத்து, முழங்கால் மடங்கியிருக்கும்போதே பலகை நீரின்மேல் ஏறும்வரை பொறுத்தால் நூறு கிலோவும் எழும். படகு மட்டும், புரொப்பெல்லர் படகின் உடலுக்கு அடியில் ஒதுங்கியிருக்கும் இன்போர்டு போன்ற வகையாக இருக்க வேண்டும். பின்பக்கம் புரொப்பெல்லர் நீட்டிக்கொண்டிருக்கும் படகின் பின்னால் எந்த எடையுள்ளவரும் சறுக்கக் கூடாது.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. இந்தியாவின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். விளையாட்டு வளர்கிற இந்த நேரத்தில், வருகிறவரைப் பார்த்த பார்வையிலேயே எடைபோட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும். பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர்கள் ஒவ்வொரு பலகையிலும் லிட்டர் கணக்கை எழுதி வையுங்கள். பெரிய மார்பளவுக்கான உயிர்காப்பு மேலங்கி இரண்டேனும் வாங்கி வையுங்கள். பருத்த உடம்புக்காரர்களே, அடுத்த முறை பைகளுக்குக் காவல் உட்காராதீர்கள். நேரே போய், உங்கள் எடையைச் சொல்லி, "இந்தப் பலகை எத்தனை லிட்டர், எத்தனை அங்குல அகலம்?" என்று கேளுங்கள். பதில் தெரியாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.