கோலன் வேலை செய்யலை, சார்!

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நான் வெறும் பி.காம். டேலியில் வவுச்சர் போடுவேன். எக்ஸெலில் கூட்டல் போடுவேன், போட்டுவிட்டு அது சரியா என்று கால்குலேட்டரில் ஒரு தடவை தட்டிப் பார்ப்பேன். இந்த அழகில், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியாராக இருக்கும் நண்பன் போன் பண்ணினான்.

"சனிக்கிழமை சனிக்கிழமை கோடிங் கிளப் நடத்தறேன்டா. பசங்க நாற்பது பேர், நான் ஒருத்தன். நீ சும்மா வந்து நில்லு, போதும்."

சும்மா நிற்பது எனக்குக் கைவந்த கலை. போனேன்.

வாசலில் நாற்பது ஜோடி செருப்பு. உள்ளே பத்து கம்ப்யூட்டர், அதில் ஏழுக்குத்தான் உயிர். சுவரில் சார்ட் பேப்பரில் ஒரு நல்ல பாம்பு படமெடுத்து ஆட, கீழே 'பைத்தான் கிளப்' என்று எழுதியிருந்தது. மலைப்பாம்பு படமெடுக்காது என்பது இருக்கட்டும். 1991-ல் பைத்தானை வெளியிட்ட ஹாலந்துக்காரர் கைடோ வான் ராஸம் பெயர் வைத்தபோது நினைத்தது பாம்பையே அல்ல. 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் டி.வி. காமெடி கோஷ்டியை. 2019-ல் அது நம்ம ஊர் +2 கம்ப்யூட்டர் சயன்ஸ் புத்தகத்துக்குள்ளும் வந்துவிட்டது. காமெடியும் கூடவே வந்துவிட்டது.

முதல் நாளே பார்த்தேன். ஒரு பையன் தன் மார்க்கைக் கூட்ட புரோகிராம் எழுதியிருந்தான். தமிழ் 45, கணக்கு 38. விடை: 4538! கீபோர்டில் தட்டுவதைப் பைத்தான் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். இது எண் என்று நாம் தனியாகச் சொன்னால்தான் கூட்டும். சொல்லாவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். இதை விளக்கினால் பயல் திருத்த மறுக்கிறான். "இருக்கட்டும் சார், அப்பாகிட்ட காட்டணும்!"

இன்னொருவன் தாயம் உருட்ட புரோகிராம் எழுதி, பைலுக்கு 'ராண்டம்' என்று பெயர் வைத்துவிட்டான். பைத்தானில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு பைல் இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் இவனுடைய பைலே "என்ன?" என்று வந்து நிற்கிறது. வீட்டில் தாத்தா பெயரையே பேரனுக்கும் வைத்துவிட்டு, கூப்பிட்டால் யார் திரும்புவது என்று முழிப்போமே, அந்தக் கதை.

ஏழாம் நம்பர் மெஷினில் கோலன் சாவி வேலை செய்யாது. கோலன், அதாங்க, மேலே ஒன்று கீழே ஒன்று இரண்டு புள்ளி. பைத்தானில் அது இல்லாமல் 'இஃப்'பும் போட முடியாது, 'ஃபார்'உம் போட முடியாது. பசங்க என்ன பண்ணினார்கள் தெரியுமா? பக்கத்து மெஷினில் ஒரே ஒரு கோலன் அடித்து, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்து, நோட்பேடில் திறந்து வைத்திருந்தார்கள். தேவைப்படும்போது காப்பி, பேஸ்ட். ரேஷன் கடை மாதிரி ஆளுக்கு ஒரு கோலன்!

நிற்க. விஷயம் அந்த ஏழாம் நம்பர் மெஷினில்தான் இருக்கிறது.

அங்கே இரட்டைப் பின்னலோடு ஒரு பெண். ஒன்பதாம் வகுப்பு. தையல் வேலை செய்யும் அம்மா, ஒரு கம்பெனியில் மெஷின் வாங்க ரூ.24,000 கடன் வாங்கியிருந்தார். வட்டி 12 சதவீதம், 24 மாதம், மாதத் தவணை ரூ.1,240. அந்தக் கணக்கைத்தான் அது புரோகிராமாக எழுதியிருந்தது. மாதா மாதம் அசலில் ஆயிரம் கழியவேண்டும். மீதி இருக்கும் பாக்கிக்கு ஒரு சதவீதம் வட்டி. அப்படி 24 தடவை சுற்றிக் கூட்டவேண்டும்.

விடை 2,990 என்று வந்தது. கடன் அட்டையிலோ மொத்த வட்டி 5,760.

"தப்பா வருது சார்" என்றது அழாக்குறையாக.

நண்பன் வந்து பார்த்தான். "ஒண்ணுலேர்ந்து இருபத்துநாலுன்னு போட்டிருக்கேம்மா. பைத்தான் கடைசி நம்பரை எண்ணாது. இருபத்துமூணு மாசம்தான் ஓடியிருக்கு" என்றான். திருத்தினோம். பத்து ரூபாய் ஏறி, சுளையாக 3,000. இன்னும் 2,760 உதைக்கிறது.

தசமப் புள்ளிக் கோளாறோ என்றான். கம்ப்யூட்டரில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும், நிஜமாகவே. பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்தால் ஜுரமே வரும். ஆனால் அதெல்லாம் பைசாவில் தூசி. 2,760 ரூபாய் தூசியா? பக்கத்து பெஞ்ச் பையன்கள் வைரஸ் என்றார்கள். ஒருவன் கோலன் மேலேயே சந்தேகப்பட்டான்: "இரவல் கோலன் சார், அதான்!" இப்படியே இரண்டு சனிக்கிழமை. கரண்ட் போய், சேவ் பண்ணாத புரோகிராமை அந்தப் பெண் மூன்று தடவை திரும்ப அடித்தது. முகம் சுண்டிவிட்டது. இனி கிளப்புக்கு வரமாட்டேன் என்று தோழியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

சும்மா நிற்க வந்தவனுக்கு அன்றைக்குத்தான் கை அரித்தது. பேப்பரும் பேனாவும் எடுத்தேன். 24,000-க்கு 12 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 2,880. இரண்டு வருஷத்துக்கு... 5,760!

'ஙே' என்று விழித்தேன். அட்டையைத் திருப்பினால், பின்பக்கம் பொடி எழுத்தில் 'ஃபிளாட்' என்று ஒரு வார்த்தை.

ஒரு வருஷம் தவணை கட்டி முடித்தால் பாக்கி 12,000-தான். ஆனால் வட்டி மட்டும் முழு 24,000-க்கே ஓடுகிறது. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி! குறையும் பாக்கிக்குக் கணக்குப் போட்டால் அது 12 சதவீதமே இல்லை, வருஷத்துக்கு 21-க்கும் மேல். மூன்று வருஷம் கல்லூரியில் இதைப் படித்துப் பரீட்சை எழுதியவன் நான். இரண்டு சனிக்கிழமை, ஒரு குழந்தையின் சரியான கணக்கில் தப்புத் தேடிக்கொண்டிருந்தேன்.

"உன் புரோகிராம் கரெக்ட்டும்மா. அட்டைதான் வேற கணக்கு."

அது சிரிக்கவில்லை. "அப்போ அம்மா கூடக் கட்டறாங்களா சார்?" என்றது.

என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டாகிவிட்டது. "சிறுகடன் கொடுக்கிறவர்கள், வருஷத்துக்கு நிஜமாக எவ்வளவு வட்டி விழுகிறது என்று ஒரு தாளில் எழுதித் தரவேண்டும்னு ரிசர்வ் பாங்க் 2022-லேயே சொல்லியிருக்கு. அந்தத் தாளை அம்மாவைக் கேட்கச் சொல்லு" என்றேன். அடுத்த மாதம் இன்னொரு மெஷினுக்காக அதே கம்பெனியில் ரூ.40,000 வாங்குவதாக இருந்தாராம் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் என் பைக் லோன் பேப்பரை பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அதைப் பற்றி வேண்டாம். என் மனைவியும் இந்தப் பத்தியைப் படிக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை லேப் வாசலில் செருப்பு அதிகம் இருந்தது. அந்த அம்மா, கூடவே தெருவில் இருக்கும் ஐந்து பெண்கள், ஆளுக்கொரு கடன் அட்டையோடு.

"தம்பி, நாப்பதாயிரம் இப்போ வேணாம்னு சொல்லிட்டேன். இவங்க கார்டையும் அதுல போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

பெண் ஜம்மென்று ஏழாம் நம்பரில் போய் உட்கார்ந்தது. பின்னால் வரிசை. இரண்டு நிமிஷத்தில் குரல்:

"சார்! நோட்பேடை யாரோ மூடிட்டாங்க, கோலன் இல்லை!"