தோலுக்கு இட்ட உப்பு

சோளிங்கரில் குதிரை என்றதும் நமக்கு 1781 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு செப்டம்பர் 27 அன்று ஐதர் அலியின் படையும் ஐர் கூட்டின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் இங்கே மோதின. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஜட்கா இழுத்து ஓய்ந்த குதிரைகளையும், இன்று மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு வந்து நிற்கும் குதிரைகளையும் பற்றிச் சொல்ல நம்மிடம் பெருமை எதுவும் இல்லை. அவை சுவரை நக்கின, மண்ணைத் தின்றன, கட்டிய கம்பத்தைக் கொறித்தன, பக்கத்துக் குதிரையின் வாலை மென்றன. பார்த்துக்கொண்டே போனோம். கெட்ட பழக்கம் என்று முடிவுகட்டி வாய்க்கூடை மாட்டினோம், சாட்டையையும் எடுத்தோம். எது குறைகிறது என்று கேட்கவில்லை.

உப்பின் அருமை தெரியாதவர்கள் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலால் பிழைக்கும் வட்டாரம் இது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பு தடவுவது வழக்கம். 20 கிலோ தோலுக்கு 8 கிலோ. வேலை இல்லாமல் நிற்கும் 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம் உப்பு போதும். செத்த மாட்டின் ஒரு தோலுக்கு இட்ட உப்பு உயிருள்ள குதிரைக்குப் பத்து மாதம் வந்திருக்கும். மட்டக் குதிரைக்கு அதைவிட அதிக நாள். வெயிலில் ஓடினால் தேவை கூடும். குதிரையின் வியர்வை நம் வியர்வையைவிட உப்பு மிகுந்தது. அது காய்ந்து விலாவில் வெள்ளையாகப் படிந்ததைத் தேய்த்துத் துடைத்தோம். போன உப்பைத் திருப்பித் தரவில்லை. புல்லிலும் கொள்ளிலும் சோடியம் மிகக் குறைவு. சுவரை நக்காமல் குதிரை வேறென்ன செய்யும்?

இதைவிடப் பெரிய தவறு தவிட்டில் நடந்தது. விலை குறைவு, குதிரையும் ஆசையாகத் தின்கிறது என்று தொட்டி நிறையத் தவிடு கொட்டினோம். அரிசித் தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் பாஸ்பரஸ் இருக்கிறது. குதிரைக்கு வேண்டியது நேர்மாறு: சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் நல்லது. கணக்கு தலைகீழானால் உடம்பு தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை உருவிக்கொள்ளும். முகத்தெலும்பு வீங்கும், கால் நொண்டும். நேப்பியர் புல்லும் இதில் சேர்ந்துகொள்ளும். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. மாட்டின் அசையிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அசையிரைப்பை கிடையாது. மாட்டுக்கு நல்லது குதிரைக்கும் நல்லது என்ற நம் நினைப்பு எத்தனை கால்களை நொண்ட வைத்ததோ!

எல்லாவற்றையும் தாது உப்புக் குறைவின் மேல் போடவும் கூடாது. குதிரை நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கப் பிறந்த பிராணி. அதற்கு இரண்டு வேளை தீனி வைத்துவிட்டு மீதி நேரமெல்லாம் வெறும் கம்பத்தில் கட்டிப்போட்டால் மரத்தைத்தான் கொறிக்கும். குடற்புழு இருக்கலாம், பல் கோளாறு இருக்கலாம். தாயின் சாணத்தைத் தின்னும் சின்னக் குட்டியை அடித்து விரட்டியிருக்கிறோம். அந்த வயதில் அது இயல்பு. மண் தின்னும் குதிரைக்கு மணல் குடலில் சேர்ந்து வயிற்றுவலி வரும். அப்போது அது புரண்டு துடிப்பதைப் பார்த்து, கண் பட்டுவிட்டது என்று திருஷ்டி கழித்தோம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடவில்லை.

தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டதற்காக உச்ச நீதிமன்றம் வரை போன வட்டாரம் இது. 1996-ல் தீர்ப்பும் வந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த விலங்குகளின் தொட்டியை யார் எட்டிப் பார்த்தோம்?

இனியாவது ஊர்வலத்துக்குக் குதிரை பேசும்போது, வாடகையோடு நிழலும் தண்ணீரும் உலர்புல்லும் நக்குவதற்கு ஓர் உப்புக்கட்டியும் சேர்த்துப் பேசுவோம். தவிட்டைக் குறைப்போம். தாது உப்புக் கலவை எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும். மாட்டுக்கு வாங்கிய தீவனத்தை அப்படியே குதிரைக்கு வைக்க வேண்டாம்: சில தீவனங்களில் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து உரிய அளவில் மாட்டுக்குத் தீங்கு செய்யாது, குதிரையைக் கொன்றுவிடக்கூடும்.