துறைமுகத்தின் பணப்பெட்டி யார் கையில்?

1912ஆம் ஆண்டு, மார்ச்சுத் திங்கள் முதல் நாள். சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் இளைஞர் ஒருவர் எழுத்தராக வந்தமர்ந்தார். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். மாதச் சம்பளம் 30 ரூபாய். பெயர், சீனிவாச இராமானுசன்! எண்களின் ஆழங்கண்ட அந்த மேதை, வயிற்றுப் பிழைப்புக்காக வரவு செலவு எழுதிய இடம் அது. அதே துறைமுகத்தில் இன்று நடப்பது என்ன? கூட்டலைத் துறைமுகம் போடுகிறது. கழித்தலை டில்லி போடுகிறது!

கணக்கென்றதும் முகஞ்சுளித்து ஒதுங்கிவிட வேண்டாம், தோழர்களே! கவிதை பேசுவோம், காவியம் பேசுவோம், கணக்கை மட்டும் கனவான்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நாம் இருந்துவிட்டால், நம் வீட்டுப் பானையில் எவ்வளவு அரிசி என்பதை அடுத்த வீட்டான் தீர்மானிப்பான். ஆண்டு வரவு செலவுத் திட்டம் என்பது வெறும் காகிதக் கட்டன்று. யாருக்குச் சோறு, யாருக்குச் சொல் மட்டும் என்பதை முடிவு கட்டும் ஏடு அது.

அந்த ஏட்டின் வரவுப் பக்கத்தைப் புரட்டுவோம். துறைக்குள் நுழையும் கப்பல் கட்டணம் தருகிறது. வழிகாட்டி அழைத்து வருவதற்குக் கட்டணம், தளத்தில் கட்டி நிற்பதற்குக் கட்டணம், இறங்கும் சரக்குக்குக் கட்டணம். நிலக் குத்தகை வருகிறது. 2001இல் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்ட சரக்குப் பெட்டக முனையத்திலிருந்து வருவாய்ப் பங்கு வருகிறது.

செலவுப் பக்கமோ சிறிதன்று. சென்னை, இயற்கை ஈன்ற துறைமுகமன்று. மனிதன் கடலோடு மல்லாடிக் கட்டியது. 1881இல் முற்றுப்பெறும் தறுவாயிலிருந்த சுவர்களைப் புயல் பெயர்த்தெறிந்தது, மீண்டும் கட்டினார்கள். அலைதடுப்புச் சுவரைக் காக்க வேண்டும். ஆழம் குன்றாமல் தூர்வார வேண்டும். பளுதூக்கிகளைப் பழுது பார்க்க வேண்டும். உழைப்போர்க்கு ஊதியம், உழைத்து ஓய்ந்தோர்க்கு ஓய்வூதியம்! முதுகெலும்பு வளைய மூட்டை சுமந்தவனுக்குத் தருவது பிச்சையன்று, பாக்கி!

இந்த வரவிலே ஒரு வாய்க்கால் 2011இல் அடைபட்டது. நிலக்கரித் தூசும் இரும்புத்தாதுத் தூசும் வடசென்னை மக்களின் நெஞ்சில் படிந்தன. உயர்நீதிமன்றம் ஆணையிட்டது, அக்டோபர் முதல் நாளோடு அந்தச் சரக்குகள் சென்னையை விட்டு விலகின. தீர்ப்பு நியாயமானது. இராயபுரத்துக் குழந்தையின் மூச்சை விற்றுத் துறைமுகம் இலாபம் காண வேண்டியதில்லை. ஆனால், வருவாய் மெலிந்த வீட்டில் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிட வேண்டுமல்லவா?

எண்ணினார்களா? 2020 மார்ச்சுத் திங்களில் நடந்ததைக் கேளுங்கள்! எண்ணூரில் காமராசர் துறைமுகம் இருக்கிறது. தமிழ்நாட்டு மின்வாரியத்துக்கு நிலக்கரி இறக்குவதற்கென 2001இல் இயங்கத் தொடங்கியது. மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே சென்னைத் துறைமுகத்தினுடையது. எஞ்சிய 66.67 விழுக்காட்டை ஒன்றிய அரசு விற்றது. சென்னைத் துறைமுகம் வாங்கியது. விலை 2,383 கோடி ரூபாய்! அத்தொகை 2019-20ஆம் ஆண்டின் ‘பங்கு விலக்கல்’ வரவாக டில்லியின் ஏட்டில் ஏறியது.

நாடக மேடையில் ஒரே நடிகன் இரு வேடம் பூணுவதுண்டு. அதைக் கண்டு நாம் கைதட்டுவதுமுண்டு. ஆனால், சந்தையில் விற்பவனும் அவனே, வாங்குபவனின் தலைவரை அமர்த்துபவனும் அவனே என்றால், பேரம் பேசியவன் யார்? விலை மிகுதியென்று சொல்லும் துணிவு யாருக்கு?

“இடப்பையிலிருந்து வலப்பைக்குத்தானே போயிற்று? தனியாரிடம் போகவில்லையே?” என்பர். தனியாரிடம் போகாததில் நமக்கும் மகிழ்ச்சியே! “பங்கு கிடைத்தது, ஈவுத்தொகை வருமே!” என்பர். வரட்டும்! ஆனால், இரண்டும் ஒருவரின் பைகளல்ல. ஒரு பை வடசென்னையின் வியர்வையால் நனைந்தது. மற்றொரு பை டில்லியின் பற்றாக்குறையால் கிழிந்தது. கிழிந்த பையைத் தைக்க நனைந்த பையை வெட்டலாமா? பொதுச்சொத்து பொதுத்துறையிலேயே இருக்கட்டும் என்பதுதான் எண்ணமென்றால், விற்காமலே இருந்திருக்கலாமே!

சட்டமாவது காக்கிறதா? 1963ஆம் ஆண்டுச் சட்டம், சனவரி 31க்குள் தனிக்கூட்டம் கூட்டி மறு ஆண்டின் மதிப்பீட்டை வைக்க வேண்டுமென்றது. பத்து நாள் முன்னதாகவே உறுப்பினர் கையில் படி இருக்க வேண்டுமென்றது. அன்றும் இறுதி முத்திரை டில்லியினுடையதுதான். 2021இல் புதுச்சட்டம் வந்தது. தன்னாட்சி தந்தோம் என முரசறைந்தார்கள். கட்டணத்தை நீயே விதித்துக்கொள் என்றார்கள். ஆனால், மூலதன ஒதுக்கில் பாதிக்குமேல் கடன் வாங்க டில்லியின் முன் அனுமதி வேண்டுமாம்! குழுவிலே தொழிலாளர்க்கு இரண்டு இருக்கை. தமிழ்நாட்டு அரசுக்கு ஒன்றே ஒன்று! ‘பொறுப்புக் கழகம்’ என்ற பெயர் போய் ‘ஆணையம்’ என்ற பெயர் வந்தது. பொறுப்பு போயிற்று, ஆணை நின்றது!

நாம் கேட்பது பிரிவினையன்று, பேரேடு! மதிப்பீடு குழுவின் முன் வருமுன்னரே தமிழில் அச்சேறி மக்கள் முன் வரட்டும். ஓய்வூதிய நிதியை ஒதுக்கிய பின்னரே வேறு கொள்முதல் நடக்கட்டும். டில்லியே விற்று, துறைமுகம் வாங்கும் பேரமெனில், டில்லியின் சார்பாளர் வாக்களிக்காது விலகி நிற்கட்டும். மாநிலத்தின் இருக்கை ஒன்று என்பது உயரட்டும்.

துறைமுகத் தொழிலாளர் வாழும் தெருக்களில் பேசச் செல்லும் தோழர்கள், அடுத்த கூட்டத்தில் இந்தக் கணக்கையும் கையிலெடுத்துச் செல்லுங்கள். கைதட்டலுக்கான சொற்கள் நம்மிடம் ஏராளம். இனி, கணக்குக் கேட்கும் சொற்களும் வேண்டும். கடல் நம்முடையது, கரை நம்முடையது, உழைப்பு நம்முடையது. கணக்கு மட்டும் ஏன் அவர்களுடையது?