வீட்டு சோப்பு பிசினஸ்: சமையலறையில் செய்து விற்கலாமா? ஜி.எஸ்.டி, லைசென்ஸ், லாபம்... கணக்கு என்ன சொல்கிறது?

தீபாவளிக்கு அக்கம்பக்கத்தில் நாலு சோப்பு கொடுப்பதில்தான் பெரும்பாலும் இது ஆரம்பிக்கிறது. "நல்லா இருக்கே, காசு வாங்கிக்கிட்டு செஞ்சு குடேன்" என்று எதிர் வீட்டில் கேட்கிறார்கள். அடுத்த மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பத்து ஆர்டர். அதற்கடுத்து ஒரு பெயர், ஒரு லோகோ, ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம். குப்பைமேனி, ஆவாரம்பூ, நலங்கு மாவு, ஆட்டுப்பால் என்று வகைகள் கூடுகின்றன. கணவர் பார்சல் கட்டுகிறார், மகள் ரீல்ஸ் எடுக்கிறார், மாமியார் மூலிகை காய வைக்கிறார்.

பொழுதுபோக்கு எந்த நாளில் குடும்பத் தொழிலாக மாறியது என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனால் சட்டத்துக்குத் தெரியும். முதல் சோப்பைக் காசுக்கு விற்ற நாள்தான் அது. கடன் வாங்குவதற்கும் வேலையை விடுவதற்கும் முன்னால், வரி, உரிமம், விலை ஆகிய மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

ஜி.எஸ்.டி குறைந்தது யாருக்கு லாபம்?

2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்புக் கட்டிகளுக்கான ஜி.எஸ்.டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 'சோப்புக்கு வரி குறைஞ்சிடுச்சு, தொழில் தொடங்க இதுதான் நேரம்' என்று நினைக்கத் தோன்றும். வீட்டு சோப்புக்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது.

தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி பதிவு கட்டாயம். வீட்டு சோப்பு தயாரிப்பாளர் பெரும்பாலும் அந்த வரம்புக்குக் கீழேதான் இருப்பார். அவர் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி வசூலிப்பதே இல்லை. அப்படியென்றால் வரி 18 சதவீதமாக இருந்தபோது அவருக்கு ஒரு மறைமுக சாதகம் இருந்தது.

உதாரணத்துக்கு, வரிக்கு முன் 50 ரூபாய் விலையுள்ள ஒரு பெரிய நிறுவனத்தின் சோப்பு. 18 சதவீத வரியோடு அது 59 ரூபாய். இப்போது 52 ரூபாய் 50 காசு. இதே 50 ரூபாய்க்கு விற்ற வீட்டு சோப்புக்கு முன்பு 9 ரூபாய் இடைவெளி இருந்தது. இப்போது அது இரண்டரை ரூபாய். அதோடு, எண்ணெய், காஸ்டிக் சோடா, வாசனை எண்ணெய், அட்டைப்பெட்டி என்று வாங்கும் பொருட்களுக்குக் கட்டும் வரியை, பதிவில்லாதவர் 'இன்புட் கிரெடிட்' ஆகத் திரும்பப் பெறவும் முடியாது.

ஆக, வரிக்குறைப்பு வீட்டு சோப்புக்குக் கிடைத்த பரிசு இல்லை. 'கடை சோப்பை விட மலிவு' என்று சொல்லி விற்கும் வழி இன்னும் குறுகிவிட்டது என்பதே உண்மை.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ஒரு பார்சல்

இன்னொரு சிக்கல், பலர் கவனிக்காதது. வேறு மாநிலத்துக்குப் பொருள் விற்றால் 40 லட்சம் வரம்பு பொருந்தாது; முதல் விற்பனையிலிருந்தே ஜி.எஸ்.டி பதிவு வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூருக்கு அனுப்பினாலும் சரி, விழுப்புரத்திலிருந்து பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பினாலும் சரி, அது மாநிலம் தாண்டிய விற்பனைதான்.

பெரிய இணையவழிச் சந்தைகளில், வரம்புக்குக் கீழே உள்ள சிறு விற்பனையாளர்கள் 2023 அக்டோபர் 1 முதல் ஜி.எஸ்.டி பதிவில்லாமல், சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம். அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். இன்ஸ்டாகிராமில் 'இந்தியா முழுவதும் டெலிவரி' என்று போடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

உத்யம் சான்றிதழ் இருந்தால் போதாதா?

போதாது. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள்.

ஆதார் எண்ணை வைத்து இணையத்தில் இலவசமாகப் பெறும் உத்யம் பதிவு, 'இது ஒரு குறு நிறுவனம்' என்பதற்கான அடையாள அட்டை மட்டுமே. வங்கிக் கடனுக்கு உதவும். சோப்பு தயாரிக்க அது அனுமதி ஆகாது. ஜி.எஸ்.டி எண்ணும் அப்படித்தான். உணவுப் பொருளுக்கான உரிமத்துக்கும் சோப்புக்கும் சம்பந்தமே இல்லை.

குளியல் சோப்பு, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-இன் கீழ் வருகிறது. ஒரு காலத்தில் அந்தச் சட்டத்தின் அழகுசாதனப் பொருள் வரையறையில் 'சோப்பு நீங்கலாக' என்றே இருந்தது. 1982-ல் செய்யப்பட்ட திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. இப்போது அழகுசாதனப் பொருட்கள் விதிகள் 2020-இன்படி, விற்பனைக்காகத் தயாரிக்க மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்க வேண்டும்.

'நாங்க காஸ்டிக் சோடாவே தொடுறதில்ல, சோப் பேஸ் வாங்கி உருக்கி ஊத்துறோம், அவ்வளவுதான்' என்று சிலர் சொல்வதுண்டு. சட்டத்தில் 'தயாரிப்பு' என்ற சொல்லுக்கு விளக்கம் ரொம்ப விரிவானது. விற்பனைக்காக மாற்றி அமைப்பதும், பொதி கட்டுவதும், லேபிள் ஒட்டுவதும்கூட அதில் அடங்கும்.

உரிமம் இல்லாமல் தயாரித்து விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க சட்டத்தில் இடம் இருக்கிறது.

சமையலறை ஏன் ஒத்துவராது?

உரிமம் கேட்டால் முதலில் பார்க்கப்படுவது இடம். தயாரிப்பு இடம் குடியிருக்கும் வீடாகவோ, வீட்டோடு உள்வழியாக இணைந்ததாகவோ இருக்கக் கூடாது. மேலும், டி.பார்ம் படித்தவர் அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்தவர் போன்ற தகுதியுள்ள ஒருவர் முழுநேரமாக இருந்து தயாரிப்பை மேற்பார்வையிட வேண்டும். பரிசோதனைக்குச் சொந்த ஆய்வக வசதியோ, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வக ஏற்பாடோ வேண்டும்.

சோப்புக்கு என்று பரிந்துரைக்கப்படும் கருவிகள், இடவசதி எல்லாம் ஒரு சிறு தொழிற்சாலையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அச்சில் ஊற்றி, நிழலில் ஆறு வாரம் காய வைக்கும் வீட்டு முறைக்கு அந்தச் சட்டை அளவு பெரியது. இந்தத் தொழிலின் நிஜமான தடை இதுதான்.

இதற்கு இருக்கும் ஒரு மாற்றுவழி 'லோன் லைசென்ஸ்'. பெயரில் லோன் இருந்தாலும் பணக்கடன் இல்லை. ஏற்கெனவே உரிமம் பெற்ற ஒரு தொழிற்கூடத்தின் வசதியைப் பயன்படுத்தி, உங்கள் சோப்பை உங்கள் பெயரிலேயே தயாரிக்க வாங்கும் உரிமம். கட்டடமும் இயந்திரமும் வாங்கும் செலவு மிச்சம். ஆனால் 'எங்க வீட்டு அடுப்பங்கரையில் செய்தது' என்று சொல்லி விற்க முடியாது.

இரண்டு பிரிவுக்கும் விண்ணப்பம் இணையவழியில்தான். உரிமம் கிடைத்தால், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தக்கவைப்புக் கட்டணம் செலுத்தித் தொடரலாம்.

'மெடிமிக்ஸ் வீட்டில்தானே ஆரம்பித்தது?'

உண்மைதான். ரயில்வேயில் மருத்துவராக இருந்த வி.பி.சித்தன், 1969-ல் சென்னையில் தன் வீட்டில் மனைவியின் துணையோடு கையால் செய்யத் தொடங்கிய மூலிகை சோப்புதான் மெடிமிக்ஸ். பிறகு குடும்பத்தின் அடுத்த தலைமுறை அதைப் பெரிய நிறுவனமாக்கியது.

இந்தக் கதையைச் சொல்லி உற்சாகப்படுத்துபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அது 1982 திருத்தத்துக்கு முந்தைய காலம். அதோடு, தோல் பிரச்னையோடு வந்த தொழிலாளர்களைத் தினமும் பார்த்த ஒரு மருத்துவர் அதன் பின்னால் இருந்தார். அந்த சோப்பு என்ன வேலை செய்யும், யாருக்குத் தேவை என்பது முதலிலேயே தெளிவாக இருந்தது. இன்று வாசனையும் நிறமும் மட்டும் மாறும் நூறு பிராண்டுகளில் ஒன்றாக இறங்குவது வேறு விஷயம்.

ஒரு சோப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவு?

ஒரு கிலோ எண்ணெயில் ஒரு ஈடு போடுவதாக வைத்துக்கொள்வோம். 600 கிராம் தேங்காய் எண்ணெய், 300 கிராம் நல்லெண்ணெய், 100 கிராம் விளக்கெண்ணெய். ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் காஸ்டிக் சோடா அளவு வேறு. கிராமுக்கு முறையே சுமார் 0.183, 0.134, 0.128 கிராம். கூட்டினால் 162.8 கிராம். தோலுக்கு இதமாக 5 சதவீதம் குறைத்தால் சுமார் 155 கிராம். கண்ணளவில் போடக்கூடிய வேலை இல்லை இது. காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். அதன் மேல் தண்ணீரை ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

தண்ணீரும் சேர்த்துக் காய்ந்த பிறகு, தோராயமாக 100 கிராமில் 13 கட்டிகள் வரும். இனி பணக்கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், இவை புரிதலுக்கான உதாரண எண்கள் மட்டுமே.

எண்ணெய் 350 ரூபாய். காஸ்டிக் சோடா, மூலிகை, வாசனை எண்ணெய் 70 ரூபாய். உறை, லேபிள் கட்டிக்கு 8 வீதம் 104 ரூபாய். மொத்தம் 524, அதாவது கட்டிக்கு சுமார் 40 ரூபாய். 80 ரூபாய்க்கு விற்றால் 1,040 ரூபாய் வரும். 516 ரூபாய் லாபம்! பெரும்பாலான வீடுகளில் கணக்கு இங்கேயே நின்றுவிடுகிறது.

அளப்பது, கலக்குவது, வெட்டுவது, உறை போடுவது, கொரியருக்குப் போய் வருவது எல்லாம் சேர்த்து ஒரு ஈட்டுக்கு 5 மணி நேரம் என்று வைப்போம். மணிக்கு 80 ரூபாய் கூலி போட்டால் 400 ரூபாய். மிச்சம் 116. இதையே ஒரு கடையில் 30 சதவீத கமிஷனுக்குக் கொடுத்தால் 312 ரூபாய் போய்விடும். அப்போது கையில் லாபம் இல்லை, 196 ரூபாய் நஷ்டம். வாடகை, ஆய்வகப் பரிசோதனை, உரிமக் கட்டணம் இன்னும் இதில் சேரவே இல்லை. போட்ட காசும் நாலு முதல் ஆறு வாரம், சோப்பு காயும் வரை முடங்கிக் கிடக்கும்.

லாபம் என்று காட்டப்படும் பணம் பல வீடுகளில் யாருக்கும் கொடுக்கப்படாத கூலிதான். அந்த யாரோ, பெரும்பாலும் அம்மா.

லேபிளில் என்ன இருக்க வேண்டும்?

தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, உற்பத்தி உரிம எண், சேர்மானங்கள், நிகர எடை, தயாரித்த மாதம்-ஆண்டு, வரிகள் உள்பட அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை முக்கியமானவை.

எடையில் ஒரு கண்ணி இருக்கிறது. கையால் செய்த சோப்பு வெட்டிய பிறகும் ஈரம் காய்ந்து எடை குறையும். வெட்டிய அன்று 100 கிராம் என்று அச்சடித்தால், வாங்குபவர் கைக்குப் போகும்போது அது 90 கிராமாக இருக்கலாம். எடையளவு சட்டப்படி அது குறை எடை. அதனால் காய்ந்து முடிந்த பிறகு எடை போட வேண்டும்.

விளம்பர வாசகத்திலும் கவனம் தேவை. 'சுத்தப்படுத்தும்' என்றால் அது அழகுசாதனப் பொருள். 'சொரியாசிஸ் தீரும்', 'படை போகும்' என்றால் மருந்துக்கான உரிமைகோரல். அதற்கு விதிகள் வேறு. 'ஆயுர்வேத சோப்பு' என்று போட ஆயுர்வேத மருந்துகளுக்கான தனி உரிமம் வேண்டும்.

யார் பெயரில் தொடங்குவது?

குடும்பத் தொழிலில் கடைசியாகப் பேசப்படும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் பேச வேண்டும். சோப்பு செய்வது மனைவி. உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு, ஜிபே எண் எல்லாம் கணவர் பெயரில் என்பது சகஜமான காட்சி. நாளை கடன் வரலாறும் பிராண்டும் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே போகும்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி-யில், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு ஊரகப் பகுதியில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம். பொதுப் பிரிவுக்கு 25, 15 சதவீதம். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதுவும் புதிய தொழிலுக்கு மட்டும். சிறிய தொகை போதும் என்றால் முத்ரா 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் உண்டு. விண்ணப்பம், வழிகாட்டுதல் இரண்டுக்கும் முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம்.

அப்போ, தொடங்கலாமா வேண்டாமா?

தொடங்கலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் காசு வாங்காமல் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுத்து, ஒரே சேர்மானத்தைத் திரும்பத் திரும்பச் செய்து, ஒவ்வொரு ஈட்டையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது, கூலியும் கடை கமிஷனும் சேர்த்து விலையைப் போட்டுப் பாருங்கள். அந்த விலைக்கு ஆள் வாங்குவார்களா என்று கேளுங்கள். மூன்றாவது, தனி இடமா, லோன் லைசென்ஸா என்று முடிவு செய்துவிட்டு மருந்து கட்டுப்பாட்டுத் துறையை அணுகுங்கள். கடனும் லோகோவும் அதற்குப் பிறகு.

கூலி சேர்த்த விலையில் சோப்பு விற்காது என்று தெரிந்தால், அதை இரண்டாவது படியிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அப்போது போயிருப்பது சில கிலோ எண்ணெய் மட்டும்தான். தீபாவளிக்கு நாலு வீட்டுக்கு சோப்பு கொடுப்பதை யாரும் தடுக்கப் போவதில்லை.