வேதாளர் திரும்பி வந்திருக்கிறார்

பழைய வீரர்கள் ஒவ்வொருவராய்த் திரும்பி வந்துவிட்டார்கள். இரும்புக்கை மாயாவி வந்தான், ஸ்பைடர் வந்தான், வேதாளரும் மாண்ட்ரேக்கும் வந்தார்கள். அவர்களை எப்படி வரவேற்பது என்பதில்தான் நம் மாணவரிடையே வழக்கு. உணவுக்கூடத்தில் தொடங்கும் பேச்சு, விளக்கணைத்த பின்னும் ஓய்வதில்லை. அவ்வழக்கில் எனக்கும் ஒரு கருத்து உண்டு. அதனை இம்மலரின் வாயிலாக நண்பர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் பிறந்தது. சௌந்தரபாண்டியன் தொடங்கிய அவ்வெளியீட்டின் முதல் நாயகன் இரும்புக்கை மாயாவி. 1962-இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' இதழில் தோன்றியவன் அவன். மின்சாரம் பாய்ந்தால் அவன் உடல் மறையும்; இரும்புக் கை மட்டும் தெரியும். ஆங்கிலம் அறியாத சிற்றூர்ச் சிறுவனும் அவனைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே அறிந்தான். 1984-இல் அவர் மகன் விஜயன் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். பின்னர் ஒரு தளர்ச்சி வந்தது. 2012-இன் தொடக்கத்தில் லயன் புதுப் பொலிவோடு மீண்டும் எழுந்தது. முத்து ஐம்பதாண்டு நிறைவெய்திய 2022-இல் வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கெர்பி, காரிகன் ஆகியோரும் பெரிய புத்தகங்களாய் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே வாசகர் இரு கட்சியாய்ப் பிரிகின்றனர். "பழையவற்றையே வெளியிடுக, எங்கள் இளமை அவற்றில் இருக்கிறது" என்பது ஒரு கட்சி. "உலகில் எத்தனையோ புதிய சித்திரக் கதைகள் இருக்க, அரைத்த மாவையே அரைப்பானேன்?" என்பது மற்றொரு கட்சி. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தமானில் இருந்துகொண்டு படிக்கும் நமக்கு மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கதைகளில் வரும் காட்டு மக்கள் யார்?

வேதாளரை எடுத்துக்கொள்வோம். 1936-இல் அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் படைத்த நாயகர் அவர். மண்டையோட்டுக் குகையில் வாழ்பவர். நானூறு ஆண்டுகளாகத் தந்தைக்குப் பின் மகன் அம்முகமூடியை அணிந்து வருகிறான். இப்போதிருப்பவர் இருபத்தோராம் வேதாளர். காட்டுக் குலங்களோ அவரைச் சாவே இல்லாத ஒருவர் என்று நம்புகின்றன. உண்மை தெரிந்தவர்கள் பந்தர் என்னும் குள்ளர் குலத்தார் மட்டுமே. நஞ்சு தோய்ந்த அம்புகளோடு குகையைக் காப்பவர்கள் அவர்கள். நடுவர், காவலர், மீட்பர் எல்லாம் வெள்ளையரான வேதாளர். காட்டுக்கே உரியவர்கள் அவருக்கு ஏவலர்.

'பந்தர்' என்னும் சொல்லைக் கவனியுங்கள். இத்தீவுகளில் கடைத்தெருவின் மொழி இந்தி. அது தெரியாத தமிழ் மாணவர் இங்கே அரியர். அம்மொழியில் 'பந்தர்' என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குலத்துக்குக் குரங்கின் பெயர்!

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. 1964-இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் இந்திரஜால் காமிக்ஸைத் தொடங்கி, வேதாளரை இந்தியாவெங்கும் கொண்டு சென்றார்கள். அப்போது கதைகளில் சில மாற்றங்களைச் செய்தார்கள். வேதாளரின் நாட்டுப் பெயர் வங்காளத்தை நினைவூட்டியது. அதனை 'டென்காலி' என்று மாற்றினார்கள். கொடிய கடற்கொள்ளையருக்கு மூலத்தில் 'சிங்' என்று பெயர். அது 'சிங்கா' ஆயிற்று. தக்க செயலே. தம் நாட்டு வாசகர் மனம் புண்படலாகாது என்று எண்ணினார்கள். ஆனால் பந்தர் பந்தராகவே நின்றார்கள்! அவர்களுக்காக மனம் புண்படக்கூடிய வாசகர் எவரும் இல்லை என்று கருதினார்கள் போலும். மறுபதிப்பு என்னும் தொழிலில் யாருடைய மானம் எண்ணிப் பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

"கதைதானே, இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?" என்று நண்பர்கள் கேட்கலாம். வேறு ஊர் மாணவர் அப்படிக் கேட்டால் நான் வாளாவிருப்பேன். நாம் கேட்கலாமா? நாம் வாழும் தீவுகளைப் பற்றியே அத்தகைய கதை ஒன்று உலகம் முழுதும் பரவியது. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் 1890-இல் வெளிவந்த நாவலில் அந்தமான் பழங்குடி ஒருவரை நஞ்சம்பு எய்யும் கொடியவராய்க் காட்டினார். அம்மக்களே நரமாமிசம் உண்பவர் என்றும் எழுதினார். அது பொய். பொய்யாயினும் எத்தனை தலைமுறை அதை நம்பிற்று! காட்டில் வாழ்பவன் அஞ்சத்தக்கவன், அல்லது வேடிக்கைப் பொருள் என்னும் எண்ணம் இத்தகைய ஏடுகளில் ஊறித்தான் வளர்ந்தது.

லயன் மீண்டெழுந்த அதே 2012 சனவரியில் மற்றொரு செய்தியும் உலகைச் சுற்றியது. அந்தமான் பெருஞ்சாலையில் செல்லும் சுற்றுலாக்காரர் முன்னே ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆடச் செய்த படக்காட்சி அது. பழங்குடியினரைக் காக்க 1956-இலேயே விதி இயற்றப்பட்டிருந்தது. விதி இருந்தும் வண்டியின் சன்னல்கள் திறந்தன. நம் விடுதியிலும் புதிதாய் வரும் மாணவர் முதலில் கேட்பது, "ஜாரவாவைப் பார்க்கலாமா?" என்றுதான். மிருகக்காட்சிசாலைக்கு வழி கேட்பது போன்ற அக்கேள்வியை அவர் எங்கே கற்றார்? நாம் சிறு வயதில் பார்த்த சித்திரங்களுக்கு இதில் பங்கில்லை என்று என்னால் சொல்ல இயலாது.

அப்படியானால் பழைய கதைகளைத் தள்ளிவிடுவதா? கூடாது என்பேன். சிலர் புண்படுத்தும் கட்டங்களை வெட்டிவிடலாம் என்கிறார்கள். அதுவும் கூடாது. வெட்டிவிட்டால் குற்றம் மறையும்; கற்க வேண்டிய பாடமும் மறையும். முழுமையாகவே வெளியிடட்டும். முன்னே ஒரு பக்கம் எழுதட்டும்: இக்கதை எந்த ஆண்டில், எந்த நாட்டில், எத்தகைய எண்ணங்களோடு பிறந்தது, இந்தியாவில் எவை மாற்றப்பட்டன, எவை மாற்றப்படவில்லை. ஃபாக்கின் எழுத்தும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. பிற்காலத்தில் அவர் வேதாளரின் நாட்டைக் குடியரசாக்கி, லமாண்டா லுவாகா என்னும் கறுப்பின மருத்துவரை அதன் தலைவராக்கினார். அந்த மாற்றத்தையும் வாசகர் அறியட்டும். ஒரு பக்கத் தாளுக்குப் பதிப்பாளர் ஏழையாகிவிட மாட்டார்.

இரண்டாவது கடமை நம்முடையது. இத்தீவுகளில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் தமிழ் பேசுவோர் என்று 2011-ஆம் ஆண்டுக் கணக்கு கூறுகிறது. நம்மிடையே சித்திரம் வரைவோர் உண்டு. கதை எழுதுவோர் உண்டு. இம்மண்ணில் வீரர் இல்லையா? 1859-இல் வில்லும் அம்பும் ஏந்தி ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை அபர்தீனில் எதிர்த்தவர்கள் பெரிய அந்தமானியர். முகமூடி அணிந்த எந்த வெள்ளையரும் வந்து அவர்களுக்கு வழிகாட்டவில்லை. 2004-இல் ஆழிப்பேரலை வந்தபோது, கடல் பின்வாங்கியதைக் கண்டு மேட்டு நிலம் ஏறித் தப்பியவர்கள் ஓங்கி மக்கள். அவ்வறிவு நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? இவற்றைத் தமிழில் சித்திரக் கதையாக்க நம் மன்றம் முன்வரலாமே! ஆனால் ஒன்று: அவர்களுடைய கதையை நம் விருப்பம்போல் புனைந்துவிடலாகாது. ஆவணங்களைத் தேடி, அம்மக்களை அறிந்த அறிஞர்களைக் கேட்டு எழுத வேண்டும்.

கப்பலேறிக் கடல் கடந்து சிவகாசிப் புத்தகங்கள் நம்மிடம் வருகின்றன. அவற்றுக்குச் சந்தா கட்டுவோம், ஆசையோடு படிப்போம். படித்து முடித்ததும் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். முன்னுரை கேட்டு எழுதுவோம். முப்பது மாணவர் கையெழுத்திட்ட கடிதத்தை எந்தப் பதிப்பாளரும் எளிதில் ஒதுக்கிவிட மாட்டார். கடிதத்தின் படி மன்ற அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. விரும்புவோர் வந்து கையெழுத்திடலாம். மாற்றுக் கருத்துடையோர் அடுத்த இதழில் எனக்கு மறுமொழி எழுதலாம்.