ஒரு தட்டு, ஒரு சரிவு, நான்கு பேர்

ஸ்ரீநகரின் பழைய நகரப் பகுதி ஆலி கதல். குளிர்காலத்து விடியற்காலை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி. ஹரீஸா கடையிலோ உட்கார இடமில்லை. அடுப்புத் திண்ணைக்குள் கழுத்துவரை புதைத்த பெரிய மண்பானை. இரவெல்லாம் அதன் அடியில் விறகு எரிந்திருக்கிறது. ஆட்டிறைச்சியும் அரிசியும் சோம்பும் பட்டையும் ஏலக்காயும் சேர்ந்து வெந்து, எலும்பெல்லாம் கழன்று, மரக்கட்டையால் அடித்து மசித்ததில் களி பதத்துக்கு வந்திருக்கிறது. தட்டில் வைத்ததும் கடைக்காரர் புகையக் காய்ந்த எண்ணெயை ஒரு கரண்டி மேலே ஊற்றுகிறார். சுர்ரென்று ஒரு சத்தம். ரொட்டி சுடும் கண்டூர் கடையிலிருந்து சூடாக வந்த கிர்தாவைப் பிய்த்துத் தொட்டுக்கொண்டால் காது மடல்வரை வெதுவெதுப்பு ஏறும். காலை வெயில் வருவதற்குள் பானை காலியாகிவிடும்.

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கிளம்பிய நான்கு நண்பர்கள் அந்தக் கடையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மூன்று முறை பனிச்சறுக்கு பழகியவர்கள். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குல்மர்குக்குப் போகிறார்கள். அவர்கள் தேடிப் போவது வெறும் பனியை அல்ல, ‘பவுடர்’ என்று சறுக்குகிறவர்கள் ஆசையோடு சொல்லும் பொடிப்பனியை.

மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் குளிர்காலப் புயல்கள் மேற்கிலிருந்து நகர்ந்து வந்து பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதுகின்றன. வானிலை அறிக்கையில் ‘மேற்கத்தியக் காற்றழுத்தத் தாழ்வு’ என்று வருவது இதுதான். உயரமும் கடுங்குளிரும் சேர்ந்து, விழும் பனியை உலர்ந்த பஞ்சாக்கிவிடுகின்றன. ஒரு வாளி நிறையப் பொடிப்பனியை அள்ளி உருக்கினால் ஒரு செம்புத் தண்ணீர் தேறுவதே சந்தேகம். மீதியெல்லாம் காற்று. இடுப்பளவு பனியில் சறுக்கும்போது காலுக்கடியில் தரை இருப்பதே தெரியாது. சத்தமும் இருக்காது. திரும்பும் இடத்திலெல்லாம் பனித்தூள் முகத்துக்கு மேலே எழும்பி விழும். ஒருமுறை அதில் இறங்கியவர்கள் ஆண்டுதோறும் விடுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

அடிவாரத்தில் டங்மர்க். சறுக்காத பயணிகள் இங்கேதான் ரப்பர் பூட்ஸும் தடித்த கோட்டும் வாடகைக்கு எடுக்கிறார்கள். பனி விழுந்த நாட்களில் டயருக்குச் சங்கிலி கட்டிய வண்டிகள்தான் மேலே போக முடியும். அதற்கான பேரம் முடியும் நேரத்தில் ஒரு நூன் சாய் குடித்துவிடலாம். இளஞ்சிவப்பு நிறம், உப்புச் சுவை. பால் டீக்குப் பழகிய நாக்கு முதல் மிடறில் திகைக்கும். இரண்டாவது கோப்பையை அதுவே கேட்கும்.

குல்மர்க் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கொண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி. 1998இல் முதல் கட்டம், 2005இல் இரண்டாம் கட்டம். ‘ஃபேஸ் ஒன், ஃபேஸ் டூ’ என்றால்தான் அங்கே யாருக்கும் புரியும். முதலாவது சுமார் 3,080 மீட்டரில் கோங்டூரியில் இறக்கிவிடும். அங்கே கஹ்வா தேநீரும் மேகியும் விற்கும் கடைகள் உண்டு. இரண்டாவது, அஃபர்வாட் மலையின் தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடுகிறது. ஐரோப்பாவின் பெரும்பாலான பனிச்சறுக்கு ஊர்களில் இவ்வளவு உயரத்துக்கு இழுவை ஊர்தி கிடையாது. ஆல்ப்ஸில் ஒரு நாளைக்குக் கொடுக்கும் கட்டணத்தில் சிறு பங்கைக் கொடுத்து இமயத்தின் தோளில் ஏறி நிற்கலாம்.

இந்தக் கட்டுரையின் கவலையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மலையேறுபவர் அந்த உயரத்தை அடைய மணிக்கணக்கில் நடப்பார். நடக்கும்போதே பனியை மிதித்துப் பார்ப்பார், காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்திருக்கிறது என்று கவனிப்பார், மூச்சு முட்டினால் திரும்பிவிடுவார். கொண்டோலா அந்தப் பாடத்தையெல்லாம் தாண்டி, சில நிமிடங்களில் ஆளை உச்சியில் இறக்கிவிடுகிறது. கம்பிவடத்துக்குக் கீழே உள்ள கிண்ணம் போன்ற சரிவை ரோந்துக் குழு கவனித்துக்கொள்கிறது. எல்லைக் கயிற்றைத் தாண்டி இடப்பக்கமோ வலப்பக்கமோ போனால் அது யாரும் சீர்செய்யாத காட்டு மலை. தடம் படாத பொடிப்பனி கிடப்பதும் அங்கேதான்.

பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரையிலான சாய்வில்தான் நிகழ்கின்றன. சறுக்குவதற்கு மிகவும் பிடித்த சாய்வும் அதுவே. பழைய பனியின் மேல் புதிய பனி பாளமாகப் படிகிறது. நடுவில் சர்க்கரை போல ஒட்டாத ஓர் அடுக்கு இருந்துவிட்டால், ஒரே ஒரு ஆளின் எடை போதும், பாளம் முழுவதும் பிய்த்துக்கொண்டு வரும். பஞ்சாக இருந்த அதே பனி, உருண்டு வந்து நின்றதும் சிமெண்டாக இறுகிவிடும். புதைந்தவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. அரை மணி நேரம் ஆகிவிட்டால் அது பாதாளத்துக்குப் போய்விடும்.

பதினைந்து நிமிடத்தில் எந்த மீட்புக் குழு வரும்? ராணுவமே பக்கத்தில் இருந்தாலும் முடியாது. 1948 முதல் குல்மர்கில் இயங்கும் ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் 2010 பிப்ரவரியில் பயிற்சியின்போது பனிச்சரிவில் சிக்கி இறந்தார்கள். மலையைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாட்டின் ஒரு சரிவில் போலந்து நாட்டினர் இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவர். கீழே ‘கேலோ இந்தியா’ குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் நடந்துகொண்டிருந்த வாரம் அது.

ஆகவே மீட்புக் குழு என்பது உடன் வந்த நண்பர்கள்தான். மூன்று பொருட்கள் அவர்களிடம் இருக்க வேண்டும். உடம்போடு கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவி, அதாவது பீக்கன். புதைந்த இடத்தைக் குத்திப் பார்க்க மடித்து நீட்டும் கம்பி. தோண்டுவதற்கு ஒரு மண்வாரி. ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை வெளியே எடுக்க ஒரு டன்னுக்கும் மேலான பனியை அள்ள வேண்டியிருக்கும். கையால் ஆகாது. பீக்கன் இருந்தும் அதைத் தேடப் பயன்படுத்தத் தெரியாதவரோடு போவது, நீச்சல் தெரியாதவரைக் காவலுக்கு வைத்துவிட்டுக் கிணற்றில் குதிப்பதற்குச் சமம். சரிவில் ஒருவர் இறங்கும்போது மற்ற மூவரும் பாதுகாப்பான இடத்தில் நின்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது இந்த விளையாட்டின் பால பாடம்.

இதையெல்லாம் கொண்டோலா ஏறும் இடத்திலேயே ஏன் சோதிக்கக் கூடாது? இரண்டாம் கட்டத்துக்குப் பனிச்சறுக்குப் பலகையோடு வருபவர் எவராக இருந்தாலும், பீக்கன் இயங்குகிறதா, முதுகுப்பையில் கம்பியும் மண்வாரியும் இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் ஆள் போதும். சண்டிகரில் உள்ள டிஆர்டிஓவின் ஆய்வு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கைகளைத் தருகிறது. அது செய்தித்தாளின் மூலையில் மாவட்டப் பெயர்களோடு வந்து போகிறது. அன்றைய அபாய அளவு ஒன்றா நான்கா என்பதை டிக்கெட் கவுண்டரின் தலைக்கு மேலே, கட்டணத்தைவிடப் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன?

கெடுபிடி அதிகமானால் ஆட்கள் வர மாட்டார்கள், உள்ளூர்க்காரர் பிழைப்பு போகும் என்பது இதற்கு வழக்கமாக வரும் மறுப்பு. அலட்சியப்படுத்தக்கூடிய மறுப்பு அல்ல. ஒரு குளிர்காலத்தின் வருமானத்தை நம்பியே ஸ்லெட்ஜ் இழுப்பவர் முதல் விடுதிச் சமையல்காரர் வரை வாழும் ஊர் அது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு காஷ்மீரில் சுற்றுலா எப்படி ஒரே நாளில் வெறிச்சோடியது என்பதை நாடே பார்த்தது. பனியும் இப்போது சொன்ன தேதிக்கு வருவதில்லை. 2024 ஜனவரியில் குல்மர்க் புல்வெளி காய்ந்து பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் பனி போதாமல் அதே ‘கேலோ இந்தியா’ போட்டிகளை மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஆனால் பொடிப்பனிக்குப் பெயர்போன ஜப்பானின் நிசேகோ வேறு அனுபவத்தைச் சொல்கிறது. அங்கேயும் எல்லை தாண்டிச் சறுக்கியவர்கள் பனிச்சரிவில் செத்தார்கள். முழுத் தடை போட்டுப் பார்த்தார்கள், சறுக்குகிறவர்கள் கயிற்றுக்கு அடியில் குனிந்து போனார்கள். கடைசியில் ஷின்யா அகியோ என்ற உள்ளூர் மலைக்காரர் முன்னின்று உருவாக்கிய விதிகள் 2001இல் நடைமுறைக்கு வந்தன. வெளியே போக வாசல்கள் உண்டு, அந்த வாசல் வழியாக மட்டுமே போகலாம். அபாயம் என்றால் வாசல் மூடும். கயிற்றைத் தாண்டினால் இழுவை ஊர்திக்கான பாஸ் பறிபோகும். ஒவ்வொரு காலையும் பனிச்சரிவுத் தகவல் வெளியாகும். இவ்வளவு கறாருக்குப் பிறகும் உலகெங்கிலுமிருந்து அங்கே கூட்டம் குறையவில்லை. வாசல் திறந்திருக்கிறது என்றால் யாரோ காலையில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் திறந்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்க ஆட்களும் உண்டு.

குல்மர்கில் அந்த வேலைக்கு ஆள் பஞ்சம் இல்லை. நடக்கும் வயதிலேயே சறுக்கப் பழகியவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரரான ஆரிஃப் கான், டங்மர்க் பகுதிக்காரர். அவருடைய தந்தை குல்மர்கில் பனிச்சறுக்குச் சாதனக் கடை வைத்திருந்தவர். ஜெயண்ட் ஸ்லாலம் போட்டியில் ஆரிஃப் 45ஆவது இடத்தில் வந்தார். எல்லோரும் ஒலிம்பிக்குக்குப் போக முடியாது. மலையை அறிந்த இளைஞர்களுக்கு மீட்புப் பயிற்சி, முறையான சான்றிதழ், காப்பீடு, பனி பொய்த்த ஆண்டிலும் கைக்கு வரும் ஒரு சம்பளம் ஆகியவற்றை அரசு கொடுத்தால், வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியில் ஐந்நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசும் பயணியின் பார்வையும் மாறும். சறுக்குப் பலகைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பவர்கள், உயிரைப் பிடித்துக் கொடுப்பவரிடம் கணக்குப் பார்ப்பதுதான் விசித்திரம்.

குளிர்காலத்தை எப்படி மதிப்பது என்று காஷ்மீரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு ‘சில்லை கலான்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பனியால் ஜம்மு சாலை அடைபட்டுக் காய்கறி லாரி வராமல் போகும் நாட்கள் அதில் எத்தனையோ. அதற்காகவே கோடையில் கத்தரிக்காயைக் கீறியும் சுரைக்காயை வளையமாக அறுத்தும் தக்காளியை வகிர்ந்தும் மாடியில் உலர்த்தி வைக்கிறார்கள். நம் வீடுகளில் வற்றல் போடுவது போலத்தான். மாலையில் சறுக்கி முடித்து, தேவதாரு மரங்களுக்கு நடுவே இறங்கி, பாபா ரேஷி தர்கா பக்கம் வந்து சேரும் நண்பர்களுக்கு எந்த வீட்டிலாவது அந்தக் கத்தரி வற்றல் குழம்பும் சோறும் கிடைத்தால் யோகம்தான். வெயில் காலத்தின் ருசி, பனிக்கு நடுவில். ஆறு மாதம் முன்பே ஆபத்தை யோசித்து வைத்த சமையல் அது. அந்த முன்யோசனை கொண்டோலா கவுண்டருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

நண்பர்களுக்குக் கடைசிக்கு முந்தைய இரவு விருந்து வாஸ்வான். செம்பாலான கை கழுவும் பாத்திரம் ஒவ்வொருவரிடமும் வந்து போகிறது. பிறகு தராமி வருகிறது. நான்கு பேருக்கு ஒரே பெரிய தட்டு. குவித்த சோற்றின் மேல் கபாப், நெய்யில் பொரித்த விலா எலும்பான தபக் மாஸ். நால்வரும் நான்கு பக்கமும் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் பங்கை மட்டும் எடுத்துச் சாப்பிடுவது முறை. பக்கத்தில் இருப்பவர் பக்கம் கை போகக் கூடாது. கல்லில் வைத்து மரச்சுத்தியலால் அடித்து அடித்து மெத்தென்று ஆக்கிய இறைச்சி உருண்டைகள் சிவந்த குழம்பில் ரிஸ்தாவாக வருகின்றன. தயிர்க் குழம்பில் குஷ்தாபா வந்தால் விருந்து முடியப் போகிறது என்று பொருள்.

குஷ்தாபா வரும் நேரத்தில் அவர்களோடு வந்த வழிகாட்டியின் போன் அடிக்கிறது. ஃபெரன் அங்கிக்குள் வைத்திருந்த காங்ரி நெருப்புச் சட்டியை ஒரு கையால் பிடித்தபடியே பேசுகிறார். மதியத்திலிருந்து நாற்பது சென்டிமீட்டர் பனி விழுந்திருக்கிறது, காற்றும் திசை மாறிவிட்டது, நாளைக்கு ஃபேஸ் டூ திறக்காது என்கிறார்கள். நால்வரில் ஒருவருக்கு முகம் சுண்டிப் போகிறது. திரும்பிப் போகும் விமானம் நாளை மறுநாள். “அப்போ நாளைக்கு என்னண்ணே செய்றது?” என்று இன்னொருவர் கேட்க, வழிகாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, காலையில் கோங்டூரிக்குக் கீழே மண்வாரியோடு வரச் சொல்கிறார். ஒரு பீக்கனைப் பனியில் புதைத்து வைப்பாராம். கண்டுபிடித்துத் தோண்டி எடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கலாமாம்.